நோவா சபித்தது யாரை? கறுப்பின மக்களைப் பைபிளில் தேடும்போது நடக்கும் தவறுகள்

"கறுப்பர்கள் காமின் சந்ததி, அதனால்தான் அவர்களுக்கு அடிமைத்தனம் வந்தது" என்று யாராவது பிரசங்க மேடையிலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால், பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 9:25ஐ உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "கானான் சபிக்கப்பட்டவன், தன் சகோதரரிடத்தில் அடிமைகளுக்கு அடிமையாயிருப்பான்." பெருவெள்ளத்தில் தப்பிய நோவா குடித்துவிட்டுக் கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடக்கிறார். அவர் மகன் காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சகோதரர்களிடம் சொல்கிறான். போதை தெளிந்த நோவா சபிக்கிறார். யாரை? காமை அல்ல, காமின் மகன் கானானை. அப்பன் செய்ததற்கு மகன் ஏன் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்பது யூத ரபிமார் காலத்திலிருந்தே விடாமல் கேட்கப்படும் கேள்வி. ஆனால் தோலின் நிறத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

அடுத்த அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் காமின் பிள்ளைகள் நால்வரின் பெயர் வருகிறது: கூஷ், மிஸ்ராயிம், பூத், கானான். கூஷ் எகிப்துக்குத் தெற்கே இருந்த நாடு. மிஸ்ராயிம் எகிப்தேதான். பூத் என்பது லிபியாப் பக்கம் என்பது பெரும்பாலோர் கணிப்பு. ஆப்பிரிக்காவோடு தொடர்புள்ள இந்த மூவரில் ஒருவர்மேலும் சாபம் விழவில்லை. சாபம் வாங்கிய கானானோ, பிற்பாடு இஸ்ரவேலர் போய்க் கைப்பற்றிய நாட்டின் மூதாதை. கதை எந்த அரசியலுக்காகச் சொல்லப்பட்டது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இந்தச் சாபம் எப்படி ஆப்பிரிக்கர் தலையில் ஏறியது? தேவைப்பட்டவர்கள் ஏற்றினார்கள், அவ்வளவுதான். இடைக்கால ஐரோப்பாவில் பண்ணையடிமைகளைக் காமின் வம்சம் என்று சொல்லிவந்தார்கள். அந்தப் பண்ணையடிமைகள் வெள்ளைத் தோல்காரர்கள். போர்த்துகீசியர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆள்பிடிக்கத் தொடங்கிய பிறகு, 1453 வாக்கில் அவர்களது அரசவை வரலாற்றாசிரியர் சுராரா அதே சாபத்தைக் கறுப்பர்களுக்கு மாற்றி எழுதினார். அவசரத்தில், நோவா சபித்தது, அவருக்குப் பல தலைமுறை முந்திய ஆதாமின் மகன் காயீனை என்று எழுதிவைத்தார். 1861 மார்ச் 21 அன்று சவான்னா நகரில் பேசிய அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் இயற்கையாலோ கானான்மேல் விழுந்த சாபத்தாலோ அடிமை நிலைக்கே ஏற்றவர் என்றார். 'கானான்மேல்' என்று சரியாகவே சொன்னார். சபிக்கப்பட்டது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இதை வசனம் தெரியாமல் செய்த பிழை என்று நான் கருதவில்லை. அடிமை வைத்திருந்தவனுக்கு ஒரு வசனம் வேண்டியிருந்தது, கிடைத்ததை எடுத்துக்கொண்டான்.

இதே காம் 19ஆம் நூற்றாண்டில் இன்னொரு வேடமும் கட்டினான். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்தபின் அங்குள்ள கோயில்களும் கல்லறைகளும் ஐரோப்பாவின் கண்ணில் பட்டன. இதையெல்லாம் கறுப்பர் கட்டினார்கள் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எனவே காமின் பிள்ளைகளை, கறுப்பரைவிட உயர்ந்த, வெள்ளையருக்கு நெருங்கிய 'ஹாமித்திய' இனமாக ஆக்கினார்கள். ஆப்பிரிக்காவில் எங்கே நல்ல ஆட்சியோ கலையோ கண்ணில் பட்டாலும் அது வடக்கிலிருந்து வந்த ஹாமித்தியர் வேலை. ருவாண்டாவின் இரு பெரும் சமூகங்களான ஹூட்டு, துட்சிகளில் துட்சிகளுக்கும் இந்த முத்திரை குத்தப்பட்டது. 1930களில் பெல்ஜிய ஆட்சி கொடுத்த அடையாள அட்டைகள் ஹூட்டு, துட்சி பிரிவினையைக் கல்லில் எழுதிவிட்டன. 1992இல் லியோன் முகெசெரா என்ற ஹூட்டு அரசியல்வாதி, துட்சிகளை நியபாரோங்கோ ஆற்று வழியாக, அவர்கள் வந்த இடமாகச் சொல்லப்பட்ட எத்தியோப்பியாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேடையில் பேசினார். 1994 இனப்படுகொலையில் அந்த ஆற்றில் துட்சிகளின் பிணங்கள் மிதந்தன. ஒரு நூற்றாண்டில் அடிமைத்தனத்துக்குக் காரணம் சொன்ன அதே வம்ச அட்டவணை, அடுத்த நூற்றாண்டில் இனப்படுகொலைக்குக் காரணம் சொன்னது.

18ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸும் இந்தப் பித்துக்குத் தப்பவில்லை. இந்தியர்களை அவர் காமின் வம்சத்தில் சேர்த்தார். அவர் கணக்கில் கிரேக்கரும் ரோமரும்கூட அதே வம்சம்தான். இந்த அட்டவணையை வைத்து யாரை வேண்டுமானாலும் எந்த வீட்டுக்குப் பிள்ளையாகவும் ஆக்கலாம்.

தம்பியைக் கொன்ற காயீனுக்குப் போட்ட அடையாளம் கறுப்புத் தோல் என்ற பேச்சும் உண்டு. ஆதியாகமம் 4:15இன்படி அது அவனை யாரும் கொன்றுபோடாமல் காக்கும் அடையாளம். தவிர, கதைப்படியே வெள்ளத்தில் தப்பியது நோவா குடும்பம் மட்டும், காயீனின் வம்சம் அதோடு முடிந்தது. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பைபிளின் வம்ச அட்டவணையில் இன்றைய இனங்களைத் தேடுகிறோம். கறுப்பின மக்களுக்கும் அந்த நூலுக்கும் உள்ள உறவின் பெரும்பகுதி அவர்கள் அதை வாசித்த விதத்திலும், வாசிக்க விடாமல் தடுக்கப்பட்டபோது காதால் கேட்டுப் பிடித்துக்கொண்ட விதத்திலும், சில பக்கங்களை வேண்டாம் என்று தள்ளிய விதத்திலும் இருக்கிறது.

எத்தியோப்பியா என்றதும் அடிஸ் அபாபாவை நினைப்பது

நம் பழைய தமிழ் பைபிளில் 'எத்தியோப்பியா' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் பேசப்படுவது கூஷ். அது இன்றைய எத்தியோப்பியா இல்லை. அஸ்வானுக்குத் தெற்கே நைல் நதியை ஒட்டிக் கிடந்த ராஜ்யம் அது, இன்றைய சூடானில் பெரும்பகுதி. கெர்மா, நபட்டா, மெரோவே என்று அடுத்தடுத்த தலைநகரங்கள். அங்கே நிற்கும் பிரமிடுகள் எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம். கூஷ் அரசர்கள் எகிப்தையே பிடித்து அதன் 25ஆம் அரச வம்சமாக ஆண்டார்கள். 2 இராஜாக்கள் 19:9இல் எருசலேம் முற்றுகையின்போது அசீரியருக்கு எதிராகப் புறப்பட்டு வரும் "எத்தியோப்பியாவின் ராஜாவாகிய திராக்கா" இந்த வம்சத்து தஹர்காதான். ஒரு சின்ன வசனத்தில் வந்து போகிறார், பிரசங்கத்தில் அதுவும் விட்டுப்போகும்.

எரேமியா 38ஐப் பாருங்கள். தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள், பட்டினியில் சாகட்டும் என்று. நகரத்தில் இத்தனை யூதப் பிரபுக்கள் இருந்தும் ராஜாவிடம் நேரே போய் "இது அநியாயம்" என்று சொன்னவர் எபெத்மெலேக் என்னும் கூஷியர், அரண்மனைப் பிரதானி. அனுமதி வாங்கி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு, நேரே துரவுக்குப் போகாமல் அரண்மனைப் பொக்கிஷ அறைக்குக் கீழே போகிறார். அங்கே கிடந்த கந்தைகளையும் கிழிந்த பழைய துணிகளையும் எடுத்துக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, "இதை அக்குளில் வைத்துக்கொள்ளும், கயிறு அதற்கு மேல் வரட்டும்" என்கிறார். இளைத்துப்போன உடம்பை வெறும் கயிற்றில் தூக்கினால் தோல் பிய்ந்துவிடும் என்று யோசித்த மனிதர். அடுத்த அதிகாரத்தில் அவருக்கென்றே ஒரு வாக்குத்தத்தம் வருகிறது: நகரம் விழும், நீ சாகமாட்டாய். கறுப்பின மக்கள் பற்றி ஞாயிறு பள்ளியில் ஒரே ஒரு பாடம் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அப்போஸ்தலர் 8இல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகும், கந்தாகேயின் மந்திரியும் கூஷ் நாட்டவர். கந்தாகே என்பது மெரோவேயின் ராஜமாதாக்களுக்கு வழங்கிய பட்டம், ஒருத்தியின் பெயரன்று. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னால் கந்தாகே ஒருத்தியின் படை ரோமரோடு மோதி, எகிப்தின் தென் எல்லையில் இருந்த அகஸ்துவின் வெண்கலச் சிலையை உடைத்துத் தலையை மட்டும் கொண்டுபோனது. 1910இல் மெரோவேயில் அகழாய்வு செய்தபோது அந்தத் தலை ஒரு கோயிலின் படிக்கட்டுக்குக் கீழே புதைந்திருந்தது. உள்ளே போகிறவன் ஒவ்வொருவனும் ரோமப் பேரரசன் தலையை மிதித்துக்கொண்டே போக வேண்டும் என்ற ஏற்பாடு. இப்போது அது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ராஜ்யத்தின் கருவூலத்தையே கையில் வைத்திருந்த அதிகாரியை, 'ஏதோ ஒரு ஆப்பிரிக்கன் மனம் திரும்பினான்' என்ற தொனியில் கடந்துபோவது சரியில்லை.

சரி, எத்தியோப்பியா என்ற பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். "எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கத் தீவிரிக்கும்" என்ற சங்கீதம் 68:31ஐ அமெரிக்காவின் கறுப்பின மக்கள் மொத்த ஆப்பிரிக்காவுக்கும் தங்களுக்கும் சொன்ன வாக்காக எடுத்துக்கொண்டார்கள். 1808இல் நியூயார்க்கில் தொடங்கிய கறுப்பர் சபை ஒன்றுக்கு அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச் என்று பெயர், அபிசீனியா என்பது எத்தியோப்பியாவின் பழைய பெயர். 1896இல் அத்வாவில் எத்தியோப்பியா இத்தாலியப் படையைத் தோற்கடித்ததும் அந்த வசனத்துக்கு உயிர் வந்தது. 1930இல் ஹெய்லி செலாசி எத்தியோப்பியப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டதும், அவரைத் தெய்வமாகக் கருதும் ராஸ்தாபாரி இயக்கமே ஜமைக்காவில் பிறந்தது. வரைபடத்தின்படி இது பிழை. ஆனால் அந்த வாசிப்பு லட்சக்கணக்கானவர்களை நிமிர்ந்து நடக்க வைத்தது என்பதும் வரலாறு. பிழையை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டுப் போகிறவருக்கு பாதிக் கதைதான் தெரியும்.

எல்லோருக்கும் நிறம் பூசுவது

சாபக் கதைக்கு எதிர்வினையாக இன்னொரு கோடிக்குப் போகிறவர்கள் உண்டு. சிலுவை சுமந்த சிரேனே ஊரான் சீமோன் கறுப்பர் என்று உறுதியாகச் சொல்வார்கள். சிரேனே இன்றைய லிபியாவில் கிரேக்கர் அமைத்த நகரம், அங்கே யூதர்கள் ஏராளம். சீமோன் எந்த நிறம் என்று மாற்கு சொல்லவில்லை. பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தார். ஆப்பிரிக்கர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் வட ஆப்பிரிக்காவில் பெர்பர், பியூனிக்கர், ரோமர் எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை. அந்தியோகியாவில் இருந்த "நீகர் என்னப்பட்ட சிமியோன்" விஷயம் வேறு. அந்தப் பட்டப்பெயரே கறுப்பைக் குறிப்பதால் அங்கே ஊகத்துக்கு இடமிருக்கிறது.

எண்ணாகமம் 12 இந்த வரிசையில் அதிகம் அடிபடுவது. மோசே கூஷியப் பெண்ணை மணந்ததை மிரியாமும் ஆரோனும் குறை சொல்கிறார்கள், மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்து உடம்பு வெளுக்கிறது. 'கறுப்பை இகழ்ந்தவள் வெள்ளையானாள்' என்று பிரசங்கம் செய்தால் கைதட்டல் நிச்சயம். எனக்கும் அந்தத் திருப்பம் பிடிக்கும். ஆனால் அடுத்த வசனத்திலேயே அவர்கள் கேட்பது, கர்த்தர் மோசேயோடு மட்டுமா பேசினார் என்று. சண்டை அதிகாரத்தைப் பற்றியது. அந்தப் பெண் மீதியானைச் சேர்ந்த சிப்போராள்தானா, இன்னொரு மனைவியா என்பதே இன்னும் விவாதத்தில் உள்ளது. பெண்ணின் தோலைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

வெளிப்படுத்தல் 1இல் வரும் வெண்கலப் பாதங்களை வைத்து இயேசுவின் நிறத்தை நிரூபிப்பதும் அப்படித்தான். அதே தரிசனத்தில் அவர் வாயிலிருந்து பட்டயம் புறப்படுகிறது, வலது கையில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் உருவகமாக எடுத்துக்கொண்டு பாதத்தை மட்டும் போட்டோவாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் பழியை இவர்கள்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. 1940இல் வார்னர் சால்மன் வரைந்த, இளம்பழுப்புக் கூந்தல் தோளில் புரளும் இயேசு படம் கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் சுவரில் தொங்கியது, நம் வீடுகளிலும்தான். கலிலேயாவின் யூதத் தச்சர் அப்படி இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை. கறுப்பு இயேசு என்றதும் எல்லோருக்கும் ஆதாரம் தேவைப்படுகிறது. 1969இல் முதல் நூலை வெளியிட்ட ஜேம்ஸ் கோன் போன்ற இறையியலாளர்கள் கிறிஸ்து கறுப்பர் என்று சொன்னபோது தோலின் நிறத்தை நிரூபிக்க முயலவில்லை. நொறுக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர் அமெரிக்காவில் யாராக இருப்பார் என்று கேட்டார்கள். அந்த வாதத்தை நிற ஆராய்ச்சியோடு சேர்த்துக் குழப்புவது கோனைப் படிக்காதவர்கள் செய்வது.

'வெள்ளைக்காரன் கொடுத்த மதம்'

இது பாதி உண்மை. அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவத்தை எஜமானர் வழியாகத்தான் சந்தித்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவுக்கே அது கப்பலில் வந்திறங்கியது என்று சொன்னால் அக்சும் எங்கே போகும்? இன்றைய எத்தியோப்பிய, எரித்திரிய நிலப்பகுதியில் இருந்த அந்த ராஜ்யத்தின் அரசர் எசானா 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவரானார். இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் ஞானஸ்நானம் பெற இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. எகிப்தின் காப்டிக் சபை அதற்கும் மூத்தது. கூஷ் இருந்த இடத்தில் எழுந்த நூபிய ராஜ்யங்கள் 6ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தில் சேர்ந்தன.

'அடிமை பைபிள்' பற்றியும் இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள், அதில் இடம் மாறிப்போகிறது. 1807இல் லண்டனில் அச்சான நூல் அது. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில், அதாவது ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரும்புத் தோட்டங்களில் உள்ள அடிமைகளுக்காகத் தொகுக்கப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்களுக்காக அல்ல. 66 நூல்களில் 14 நூல்களின் பகுதிகள் மட்டுமே அதில் உண்டு. பழைய ஏற்பாட்டில் சுமார் 90 சதவீதமும் புதிய ஏற்பாட்டில் பாதியும் காணோம். எகிப்திலிருந்து விடுதலையான கதை போயிற்று. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 போயிற்று. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5 பத்திரமாக இருக்கிறது. கத்தரி எங்கெங்கே விழுந்தது என்று பார்த்தாலே, வெட்டியவர்கள் எந்தப் பக்கங்களுக்குப் பயந்தார்கள் என்று புரியும். பக்கத்திலேயே ஹெய்ட்டியில் அடிமைகள் புரட்சி செய்து 1804இல் தனிநாடு அமைத்திருந்தார்கள். இன்று இந்தப் பதிப்பில் எஞ்சியிருப்பதாகத் தெரிபவை மூன்றே பிரதிகள்.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே வெட்டிய புத்தகம் தேவைப்படவில்லை, எழுத்தையே மறுத்துவிட்டார்கள். வட கரோலினா 1830இல் அடிமைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கியார் கலகம் செய்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது.

உபாகமம் 28:68ம் ரத்த உறவும்

'நாங்களே உண்மையான இஸ்ரவேலர்' என்று சொல்லும் கறுப்பு எபிரேய இஸ்ரவேலர் குழுக்கள் இன்று யூடியூபில் பலமாக இருக்கின்றன. இதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருக்கிறது. 1896இல் கான்சாஸில் வில்லியம் சாண்டர்ஸ் கிரௌடி தொடங்கிய சபை முன்னோடிகளில் ஒன்று. அவர்களில் பலர் கையிலெடுக்கும் வசனம் உபாகமம் 28:68: கர்த்தர் உன்னைக் கப்பல்களில் எகிப்துக்குத் திரும்பிப்போகப் பண்ணுவார், அங்கே அடிமைகளாக விற்கப்படுவீர்கள். கப்பல், அடிமை இரண்டும் ஒரே வசனத்தில் இருப்பதால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அதே வசனத்தின் கடைசி வரி, உங்களை வாங்குவாரில்லை என்கிறது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1.25 கோடிப் பேர். வாங்க ஆளில்லாமலா அந்த வணிகம் மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஓடியது?

அதைவிட மோசமானது, இப்படி வாசித்தால் அடிமைத்தனம் கறுப்பர்களின் கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனை ஆகிவிடுகிறது. காம் சாபத்தை வாசலில் துரத்திவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே அழைப்பதுதான் இது.

இங்கே ஆட்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் சமூகம் நூற்றாண்டுகளாக யூத நெறியில் வாழ்ந்தவர்கள். 1975இல் இஸ்ரேல் அரசு அவர்களுக்குத் திரும்பிவரும் உரிமையை ஒப்புக்கொண்டது. 1991இல் 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்டோர் விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். 1969இல் சிகாகோவிலிருந்து லைபீரியா வழியாக வந்து இஸ்ரேலின் டிமோனாவில் குடியேறிய ஆப்பிரிக்க எபிரேயர் குழு வேறு. நியூயார்க் தெருமுனையில் நின்று 'நாங்களே இஸ்ரவேலர்' என்று கத்துபவர்கள் முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே பையில் போட்டு 'கறுப்பு யூதர்' என்பது யாருக்கும் நியாயம் செய்யாது.

அவர்கள் ஏமாந்தவர்கள் என்று நினைப்பது

அடிமைகள் எஜமானின் புத்தகத்தை அப்படியே விழுங்கினார்கள் என்ற எண்ணத்துக்கு நான்சி ஆம்ப்ரோஸ் நல்ல பதில். புளோரிடாவில் அடிமையாக இருந்தவர், எழுத்து வாசனை இல்லாதவர். பேரன் ஹோவர்ட் தர்மன் அவருக்குப் பைபிள் வாசித்துக் காட்டுவார். சங்கீதம், ஏசாயா, சுவிசேஷங்கள் எல்லாம் கேட்பார். பவுலின் நிருபங்கள் மட்டும் வேண்டாம், அபூர்வமாக 1 கொரிந்தியர் 13 தவிர. பேரன் பெரியவனாகி, ஏன் பாட்டி என்று கேட்டபோது காரணம் சொன்னார்: எஜமானின் வெள்ளைக்காரப் போதகர் வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது "அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற பவுலின் வசனத்தையே எடுப்பார். என்றாவது விடுதலையாகி வாசிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று அப்போதே படைத்தவரிடம் பொருத்தனை செய்துகொண்டாராம். லண்டனில் கத்தரி போட்டவர்களைப் போலவே இந்த அம்மாவும் பைபிளை வெட்டினார், எதிர்த் திசையில்.

அந்தப் பேரன் பிற்பாடு பெரிய இறையியலாளர் ஆனார். 1935இல் கறுப்பினக் கிறிஸ்தவர் குழு ஒன்றுடன் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் ஒருவர் காப்பிக்கு அழைத்துப்போய் நேரடியாகக் கேட்டார்: உன் முன்னோரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கிறிஸ்தவர்கள், அந்தக் கப்பலில் ஒன்றுக்கு இயேசு என்றே பெயர், விற்றுப் பணம் பார்த்தவர் ஒருவர் கீர்த்தனை எழுதியவர், நீ எப்படி அந்த மதத்தின் சார்பாக இங்கே வந்து நிற்கிறாய், உலகத்துக் கறுப்பு மக்கள் அனைவருக்கும் நீ துரோகியில்லையா? தர்மன் மழுப்பவில்லை. இயேசுவின் மதம் ஒன்று, அவர் பெயரால் நடப்பது இன்னொன்று, ரோமரின் காலடியில் கிடந்த ஒரு ஏழை யூதர் தன் போன்றவர்களுக்குச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கினார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் அவருடைய நூல் 1949இல் வந்தது.

கடைசியாக ஒன்று. கறுப்பின வாசிப்பு என்றாலே எகிப்திலிருந்து விடுதலையான கதை சொல்லும் யாத்திராகமம்தான் என்று முடித்துவிடுவதும் பிழை. அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனை மோசே என்று அழைத்ததும், பார்வோனைப் பற்றிய பாடல்களும் உண்மைதான். ஆனால் 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின இறையியலாளர் வேறொருத்தியைச் சுட்டிக்காட்டினார்: ஆகார். எகிப்தியப் பெண், சாராயின் அடிமை, எஜமானிக்காகப் பிள்ளை பெற்றுக்கொடுத்தவள். தோட்டங்களில் கறுப்பினப் பெண்கள் பட்டதற்கு இதைவிட நெருக்கமான கதை பைபிளில் இல்லை. ஓடிப்போன அவளிடம் கர்த்தருடைய தூதன் சொல்வதோ "நீ உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போய், அவள் கையின்கீழ் அடங்கியிரு" என்று. கடவுள் எப்போதும் அடிமையை விடுவிக்கிறார் என்ற வாதம் இங்கே இடறுகிறது. வில்லியம்ஸ் அதை மறைக்கவில்லை. ஆகாருக்குக் கிடைத்தது விடுதலை அல்ல, பாலைவனத்தில் பிழைத்துக்கிடக்க வழி என்று எழுதினார். கோனின் வழியில் வந்தவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அந்த வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.